பத்து நிமிஷம் நின்ற ரயில்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க. அமெரிக்காவில் ஒரு ரயில்வே ஊரைப் பற்றியது. "கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு எதுக்குங்க அமெரிக்க ரயில்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். என் ஓ.பி.யில் நான் செஞ்ச ஒரு தப்புதான் என்னை அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போச்சு. அதனால் தப்பை முதல்ல சொல்லிடறேன்.

2/
காலை 7.30க்கு ஓ.பி. தொடங்கும். 12 மணிக்கு முடியணும். சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வர்ற நாள்னா 150 பேருக்குக் குறையாது. 270 நிமிஷம், 150 பேர். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கூட இல்லை. அதுக்குள்ள நோட்டைப் புரட்டணும், போன மாச சுகரையும் இந்த மாச சுகரையும் பார்க்கணும், மாத்திரை எழுதணும், அடுத்தவரைக் கூப்பிடணும்.

3/
அதில் ஒரு பாட்டி. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். மாசாமாசம் தவறாம வருவாங்க. "எப்படி இருக்கீங்க பாட்டி?" "இருக்கேன் தாயி." அவ்வளவுதான் எங்க பேச்சு. நோட்டை வாங்குவேன், எழுதுவேன், கொடுப்பேன். நாலு மாசம் இப்படியே போச்சு. அஞ்சாவது மாசம் வரலை. நான் கவனிக்கவும் இல்லை. ஆறாவது மாசம் மகன் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தார். வலது கால்ல பெரிய கட்டு. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் இல்லை.

4/
விரல் இடுக்கில் புண் வந்திருக்கு. ரொம்ப வருஷமா சுகர் இருந்தா கால் நரம்பு மரத்துப் போகும். புண் வந்தாலும் வலிக்காது. வலிக்காததால யாரும் பார்க்க மாட்டாங்க. சீழ் பிடிச்சு, கருத்து, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்திருக்காங்க. "எப்ப பாட்டி வந்துச்சு?" என்று கேட்டேன். "போன தடவை உன்கிட்ட வந்தப்பவே இருந்துச்சு தாயி. நீ கேக்கல. பின்னாடி அத்தனை பேரு நின்னாங்கல்ல, நானும் சொல்லல."
குறையா சொல்லலை. எனக்கு சமாதானம் சொல்ற மாதிரி சொன்னாங்க.

5/
அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி. ரெண்டு மணிக்கு மேல கேஸ் இல்லை, தூக்கமும் இல்லை. "ரெண்டு நிமிஷத்துல நான் என்ன பண்ண முடியும்?" என்று எனக்கு நானே வக்கீல் வெச்சு வாதாடிட்டு இருந்தேன். கையில் போன். எதையோ தள்ளிட்டு வரும்போது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. ரயில் பக்கத்துல கூடையோட பெண்கள். அவங்களைச் சுத்தி ராணுவ உடுப்பில் பையன்கள். கீழே எழுதியிருந்தது: நார்த் பிளாட், நெப்ராஸ்கா. ரயில் இங்கே பத்து நிமிஷம்தான் நிற்கும்.
பத்து நிமிஷம் என்ற வார்த்தையில்தான் என் கண்ணு நின்னுது. அன்னிக்கு ஆரம்பிச்சு, கிடைச்ச நைட் டூட்டி எல்லாம் அந்த ஊரைப் பற்றித்தான் படிச்சேன்.

6/
முதல்ல ஊர் எப்படி வந்ததுன்னு பார்ப்போம். நெப்ராஸ்கா அமெரிக்காவின் நடுவே இருக்கிற சமவெளி மாநிலம். 1860களில் யூனியன் பசிபிக் கம்பெனி ஒமாஹாவிலிருந்து மேற்கு நோக்கித் தண்டவாளம் போட்டுக்கிட்டே போனது. எதிர்ப்பக்கம் கலிஃபோர்னியாவிலிருந்து சென்ட்ரல் பசிபிக். 1869 மே மாதம் யூட்டாவில் ரெண்டும் சேர்ந்தன. நடுவில் இருந்தது பவ்னி, லகோட்டா, செயென் மக்கள் வாழ்ந்து வேட்டையாடிய நிலம். கம்பெனி கணக்கில் மட்டும்தான் அது காலி நிலம்.

7/
நம்ம பக்கம் ஊர் முதல்ல, ஸ்டேஷன் அப்புறம். அங்கே பல இடத்தில் ஸ்டேஷன் முதல்ல, ஊர் அப்புறம். காரணம் இன்ஜினோட தாகம். நீராவி இன்ஜின் கொஞ்ச தூரம் ஓடினா தண்ணி கேட்கும். கரி நிரப்பணும், சாம்பலைக் கொட்டணும், அச்சுக்கு எண்ணெய் விடணும். அதனால வழி நெடுக தண்ணித் தொட்டி வெச்சாங்க. நூறு, நூத்தி இருபது மைலுக்கு ஒரு தடவை இன்ஜினும் ஆளும் மாறணும். அங்கே ஷெட், பட்டறை, ஊழியர்களுக்கு வீடு, அப்புறம் கடை, சர்ச், பள்ளிக்கூடம். இன்ஜினுக்கு எங்கே தாகம் எடுத்ததோ அங்கே ஒரு ஊர் முளைச்சது.

8/
நார்த் பிளாட் அப்படி 1866இல் முளைச்ச ஊர். அந்தக் குளிர்காலத்தில் தண்டவாள வேலை அங்கே நின்றதால் கூடாரம், சாராயக்கடை, சூதாட்டம்னு ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். 1867இல் வேலை மேற்கே ஜூல்ஸ்பர்க் பக்கம் நகர்ந்ததும் கூட்டம் கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிருச்சு. மிச்சம் இருந்தது கம்பெனியோட இன்ஜின் ஷெட்டும் பட்டறையும். அதை வெச்சுத்தான் ஊர் பிழைச்சது.

9/
இப்ப 1941க்கு வாங்க. ஊர் மக்கள்தொகை சுமார் 12,000. டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்குதல். அமெரிக்கா போருக்குள்ள போகுது. பத்து நாள் கழிச்சு, டிசம்பர் 17 அன்று ஊர்ல ஒரு பேச்சு. "நம்ம பையன்கள் இருக்கிற நெப்ராஸ்கா டி கம்பெனி ரயில்ல இந்த வழியாப் போகுதாம்." அம்மா, அப்பா, காதலி, தங்கச்சி என்று சுமார் 500 பேர் கேக், பிஸ்கட், சிகரெட்டோட ஸ்டேஷனில் காத்து நின்னாங்க.

10/
ரயில் வந்தது. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்த முகம் எதுவும் தெரிஞ்ச முகம் இல்லை. டி கம்பெனிதான். ஆனா கான்சஸ் மாநிலத்து டி கம்பெனி.
நீங்க அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மாவா நின்னா என்ன பண்ணியிருப்பீங்க? பையனுக்குன்னு ஆசையா செஞ்ச கேக் கையில் இருக்கு. எதிரே யாரோ பெத்த பிள்ளை. கொஞ்ச நேரம் யாரும் அசையலையாம். அப்புறம் ஒருத்தர் நீட்ட, எல்லாரும் நீட்டினாங்க. கொண்டு வந்தது எல்லாத்தையும் கான்சஸ் பையன்களுக்கே கொடுத்துட்டாங்க.

11/
அந்தக் கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயசுப் பொண்ணு. மருந்துக் கடையில் வேலை. அவங்க அண்ணன் நெப்ராஸ்கா கம்பெனியில் இருந்தார். அவரைப் பார்க்கத்தான் வந்திருந்தாங்க. ஏமாற்றத்தோட வீட்டுக்குப் போயிருக்கலாம். அவங்க உள்ளூர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. இந்த வழியாப் போகிற எல்லா ராணுவ ரயிலையும் நாம இப்படியே வரவேற்கலாமே, ஒரு கேன்டீன் போடலாமே, நான் முன்னின்று நடத்தறேன், சம்பளம் வேண்டாம் என்று.

12/
இடம் வேணுமே? யூனியன் பசிபிக் தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ் அதே ஊர்க்காரர். 14 வயசுல ரயில்வேயில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து தலைவர் நாற்காலி வரைக்கும் போனவர். ஸ்டேஷனில் இருந்த சாப்பாட்டு அறையைக் கொடுக்கச் சம்மதிச்சார். 1941 டிசம்பர் 25 அன்று கேன்டீன் திறந்தது. பேச்சு கிளம்பிய நாளிலிருந்து எண்ணினா எட்டே நாள்.

13/
பத்து நிமிஷம் எப்படிப் போகும்னு சொல்றேன். ரயில் வரும் நேரம் ராணுவ ரகசியம். ஸ்டேஷன்காரங்க கேன்டீனுக்கு மட்டும் முன்கூட்டியே கோடு வார்த்தையில் சொல்லிடுவாங்க. வண்டி நின்னதும் இன்ஜினுக்குத் தண்ணி, எண்ணெய். அதுக்குள்ள பையன்கள் குதிச்சு உள்ளே ஓடுவாங்க. மேசையில் சாண்ட்விச், அவிச்ச முட்டை, கேக், காபி, குளிர்ந்த பால். ஒரு பக்கம் பத்திரிகைகள். மூலையில் பியானோ. பிளாட்பாரத்தில் கூடையோட பெண்கள், உள்ளே வர முடியாதவங்களுக்காக. காயம்பட்டவங்களை ஏற்றி வந்த ஆஸ்பத்திரி ரயில்களுக்கும் சாப்பாடு போனது. அப்புறம் விசில். வாயில் பாதி, கையில் பாதியோட ஓட்டம்.

14/
அதிகபட்சம் பத்து, பதினைஞ்சு நிமிஷம். ஒரு நாளைக்கு இருபதுக்கும் மேற்பட்ட ரயில், 3,000 முதல் 5,000 பேர். அதிகாலையிலிருந்து கடைசி ரயில் போற நள்ளிரவு வரைக்கும். 1946 ஏப்ரல் 1 வரைக்கும் நாலே கால் வருஷம். மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல் ஆட்கள். ஊர் மக்கள்தொகை 12,000.
என் 150ஐ நினைச்சு நான் புலம்பினது ஞாபகம் வந்தது.

15/
இதெல்லாம் சாமான் தாராளமா கிடைச்ச காலத்தில் நடக்கலை. சர்க்கரை ரேஷன், காபி ரேஷன், இறைச்சி ரேஷன், பெட்ரோலும் டயரும் ரேஷன். கேக் செய்ய வீட்டுச் சர்க்கரையை மிச்சம் பிடிச்சாங்க. அரசாங்கம் நடத்தின கேன்டீன் இல்லை இது. நடன நிகழ்ச்சி, பழைய இரும்பு சேகரிப்பு, உண்டியல் என்று காசு சேர்த்தாங்க. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அஞ்சு டாலர் அனுப்பினார். ஒரு பள்ளிக்கூடப் பையன் மாட்டுச் சந்தை ஏலத்தில் தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஏலம் விட்டான். நல்ல விலைக்குப் போனதும் திரும்பத் திரும்ப அதையே செஞ்சான்.

16/
எனக்குப் பிடிச்ச விஷயம் பிறந்தநாள் கேக். அன்னிக்கு யாருக்காவது பிறந்தநாள்னா முழுசா ஒரு கேக் அவன் கையில். சில நாள் இருபது கேக் வரைக்கும் போகும். வயசு பத்தொன்பது இருபது, வீட்டை விட்டு முதல் தடவை வெளியே, போற இடத்தில் சாவு காத்திருக்கலாம். பேர் தெரியாத ஊர்ல பேர் தெரியாத ஒரு அம்மா "இன்னிக்கு யாருக்குப்பா பிறந்தநாள்?" என்று கேட்கிறாங்க. கேட்க எத்தனை விநாடி ஆகும்? மூணு விநாடி. பல வருஷம் கழிச்சும், தாத்தா ஆன பிறகும், இந்தக் கேன்டீன் பேரைக் கேட்டாலே குரல் உடைஞ்சு பேசியவங்க இருக்காங்க.

17/
கொஞ்சம் பொறுங்க. ஊரைக் கோவில் ஆக்கிட வேண்டாம். இதே நார்த் பிளாட்டில் 1929 ஜூலையில், ஒரு போலீஸ்காரரை ஒரு கறுப்பின ஆள் சுட்டுக் கொன்றதாகச் செய்தி பரவியதும், வெள்ளைக்காரக் கும்பல் ஊரில் இருந்த கறுப்பின மக்களை மிரட்டித் துரத்தியது. பெரும்பாலானவங்க ஒரே நாளில் வீட்டை விட்டு ஓடினாங்க. பன்னிரண்டே வருஷம் கழிச்சு, அதே ஸ்டேஷனில் நின்ற ரயில்களில் கறுப்பின வீரர்களும் வந்தாங்க. அவங்களுக்கும் அதே காபி, அதே கேக்.
ரெண்டும் அந்த ஊர்தான். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைச்சா அது ஊர் வரலாறு ஆகாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசா இருக்காது. காலையில் ஒருத்தர் மேல எரிஞ்சு விழுந்த அதே ஆள்தான் ராத்திரி யாரோ ஒரு நோயாளிக்குத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுக்கிறார்.

18/
இன்னொரு விஷயம், என்னை மாதிரி வேலையில் இருக்கிறவங்களுக்காக. ரே வில்சன் தொடங்கினாங்களே, கொஞ்ச மாசத்தில் அவங்க உடம்பு தாங்கலை. விலக வேண்டியதாப் போச்சு. அவங்க வெச்ச பேர், அவங்க யோசனை. ஆனா கேன்டீன் ஒரு நாள் கூட மூடலை. ஹெலன் கிறிஸ்ட் என்ற பெண்மணி பொறுப்பேற்றார். ஒரே ஆள் மேல நின்றிருந்தா 1942லயே முடிஞ்சிருக்கும்.

19/
எப்படி நின்னுது? முறை வெச்சு. நெப்ராஸ்காவிலும் பக்கத்து கொலராடோவிலும் இருந்த சுமார் 125 ஊர்கள் நாள் பிரிச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர், நாளன்னிக்கு இந்த சர்ச், அடுத்து அந்த விவசாயிகள் சங்கம். சில ஊர்கள் நூறு மைலுக்கும் அப்பால். பெட்ரோல் கூப்பனை ஒண்ணா சேர்த்து ஒரே காரில் முட்டையும் கோழியும் மனுஷங்களுமா நெருக்கியடிச்சு வருவாங்க. மொத்தம் சுமார் 55,000 தன்னார்வலர்கள்னு கணக்கு. டூட்டி ரோஸ்டர்தான் இது. நாலே கால் வருஷம் அதை ஒழுங்கா நடத்தியிருக்காங்க.

20/
இங்கேதான் எனக்கு விஷயம் உறைச்சது. நான் ரெண்டு நிமிஷத்துக்குள்ள எல்லாத்தையும் செய்யப் பார்த்தேன். அவங்க பத்து நிமிஷத்துக்குள்ள எதையும் செய்யலை. முட்டையை முந்தின நாளே அவிச்சாச்சு. ரொட்டி வெட்டியாச்சு. காபி கொதிச்சாச்சு. யார் கூடை தூக்கணும், யார் மேசையில் நிற்கணும்னு ரயில் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. வண்டி நின்ன பிறகு மிச்சம் இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. அந்தப் பையன் முகத்தைப் பார்க்கிறது.

21/
ஊர் அப்புறம் என்ன ஆச்சு? போர் முடிஞ்சது, கேன்டீன் மூடியது. 1950களில் டீசல் இன்ஜின் முழுசா வந்துருச்சு. டீசலுக்கு அடிக்கடி தண்ணி வேண்டாம், நிற்க வேண்டாம். தாகத்தால பிறந்த ஊர்கள் ஒவ்வொண்ணா வறண்டன. 1951இல் காட்ரெல் என்ற சமூகவியலாளர், காலியென்டே என்ற பாலைவன ரயில்வே ஊரை வெச்சு ஒரு ஆய்வு எழுதினார். டீசல் வந்து ஊர் செத்த கதை. அதில் ஒரு வரி விஷயம் மனசை அறுக்கும்: அதிகம் இழந்தவங்க யாருன்னா, ஊரை நம்பி வீடு கட்டினவங்க, கடை போட்டவங்க, குடும்பத்தோட வேர் விட்டவங்க. எதிலும் ஒட்டாம இருந்த ஆள் பெட்டியைத் தூக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டான்.

22/
நார்த் பிளாட் சாகலை. அங்கே கூட்ஸ் வண்டிகளைப் பிரிச்சுச் சேர்க்கிற பெய்லி யார்டு இருக்கு. அந்த வகையில் உலகத்திலேயே பெரியது, சுமார் எட்டு மைல் நீளம். ஆனா 1971இல் ஆம்ட்ராக் வந்தபோது அந்த வழியில் பயணிகள் ரயில் நின்னு போச்சு. 1973இல் அந்த ஸ்டேஷன் கட்டடத்தையும் இடிச்சுட்டாங்க. 60 லட்சம் பேர் காபி குடிச்ச அறை இப்ப இல்லை. கட்டடம் போனா போகுது, பழக்கம் போகலை. 2018 ஜூனில் ஆர்கன்சாஸ் மாநிலத்து வீரர்கள் சுமார் 700 பேர் பஸ்ஸில் அந்த வழியாப் போனாங்க. ஊர் மறுபடியும் மேசை போட்டுச் சாப்பாடு வெச்சது.

23/
இப்ப எங்க ஓ.பி.க்கு வரேன். என்.சி.டி. சிஸ்டர்கிட்ட பாட்டி கதையையும் சொன்னேன், ரயில் கதையையும் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "மேடம், அவங்க பிரஷர் பார்க்க என் வரிசையில எப்படியும் இருபது நிமிஷம் நிக்கிறாங்க. செருப்பைக் கழட்டச் சொல்லிட்டா நானே பார்த்துடுவேனே" என்றார். நான் ஒரு மாசமா யோசிச்சதை அவங்க அரை நிமிஷத்தில் முடிச்சுட்டாங்க.

24/
இப்ப முறை இதுதான். வரிசை தொடங்குற இடத்தில் செருப்பு கழட்டணும். பெஞ்சில் உட்காரும்போது சிஸ்டர் ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பார்ப்பாங்க. தொட்டா தெரியுதான்னு கேட்பாங்க. சந்தேகம்னா நோட்டு மேல சிவப்பு பேனாவால ஒரு கோடு. கோடு இருந்தா நான் நிறுத்திப் பார்ப்பேன். சிஸ்டர் லீவுன்னா யார் பார்க்கணும்னு சுவர்ல பேர் எழுதி ஒட்டியாச்சு. முதல் வாரமே மூணு பேருக்குப் புண் கண்டுபிடிச்சோம். மூணு பேருக்கும் வலி இல்லை. மூணு பேரும் சொல்லியிருக்க மாட்டாங்க. மூணும் கட்டுப் போட்டே ஆறின.

25/
அன்பு இருந்தா போதும், ஆள் வேண்டாம்னு சொல்ல வரலை. இதைப் படிச்சுட்டு யாராவது "பாருங்க, மனசு வெச்சா ரெண்டு நிமிஷமே போதும்" என்று கிளம்பிடாதீங்க. 150 பேருக்கு ஒரு டாக்டர் போதாது. நார்த் பிளாட் கதையில் நான் படிச்ச பாடமும் அதுதான். 12,000 பேர் ஊர் தனியா செய்யலை, 125 ஊர் சேர்ந்து தூக்கிச்சு. ஆள் போடுங்கன்னு நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். ஆள் வர்ற வரைக்கும், வர்ற ரயிலுக்கு முட்டையை அவிச்சு வெச்சுத்தான் ஆகணும்.

26/
இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் சுகர் இருக்கிற அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தா இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தைப் பாருங்க. அடிப்பாதம், குதிகால், விரல் இடுக்கு. வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறின இடம், புண் எதுவா இருந்தாலும் "வலிக்கலையே" என்று விடாதீங்க. சுகர்காரங்களுக்கு வலிக்காத புண்தான் ஆபத்து. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடச் சொல்லுங்க. கால் மரத்தவங்க வெந்நீர்ல கால் வைக்கும் முன்னாடி வேற யாராவது கை வெச்சு சூடு பார்க்கணும். கால் கழுவினா விரல் இடுக்கை ஈரம் இல்லாமத் துடைக்கணும். டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்க சொல்லுங்க. பின்னாடி வரிசை நின்னாலும் சொல்லுங்க.

27/
நார்த் பிளாட் பெண்களுக்கு ஒரு வருத்தம் இருந்திருக்கும். ரயிலில் போனவங்க பெரும்பாலும் திரும்பி வரலை. உயிரோட இருக்காங்களான்னு கூடத் தெரியாது. சில பொண்ணுங்க சோளப்பொரி உருண்டைக்குள்ள பேரும் விலாசமும் எழுதி வெச்சு அனுப்பி, சில கடிதங்கள் வந்து, சில கல்யாணமே நடந்திருக்கு. மத்தவங்க எல்லாம் வெறும் முகங்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மாத்திரை 30 நாளைக்குத்தான். என் ரயில் அடுத்த மாசமும் அதே ஸ்டேஷனில் நிற்கும்.

28/
பாட்டி இப்பவும் வர்றாங்க. நடை கொஞ்சம் சாய்வு. போன மாசம் என் முன்னாடி உட்கார்ந்ததும் நான் கேட்கிறதுக்கு முன்னாடியே காலைத் தூக்கி முக்காலி மேல வெச்சாங்க. "முதல்ல இதைப் பாரு தாயி, நோட்டை அப்புறம் பாத்துக்கலாம்."
பார்த்தேன். காயம் ஆறியிருக்கு. மிச்சம் எட்டு விரலும் நல்லா இருக்கு.
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.